பார்க்கச் சொன்னவர்

வாயை மூடிக்கொண்டு பேசுகிறவன் எவனையும் நம்பக் கூடாது என்பது கின்ஜியின் கட்சி. ஆஸ்பத்திரியிலோ டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவள்வரை எல்லாருக்கும் முகமூடி. கண்ணை மட்டும் பார்த்து எவன் பொய் சொல்கிறான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காலையில் அவரை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்தார்கள். ஜன்னல் இல்லை. மேசையின் நடுவில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி ஒன்று இருந்தது. இது அழவைக்கிற அறை என்று அதைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. பெட்டியைப் புறங்கையால் ஓரமாகத் தள்ளினார்.

எதிரே வந்து உட்கார்ந்தவள் நிஷிமோரி என்ற பெண் டாக்டர். உள்ளே குழாய்களோடு படுத்திருக்கும் மினெகோவுக்கும் இவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது இருக்கும். மினெகோ கின்ஜியின் மருமகள். மகன் கோஹெய் கடலோடு போய்ப் பல வருஷம் ஆகியும் தாய்வீடு போகாமல் மாமனாரோடேயே தங்கிவிட்டவள். போன வாரம் மீன்கொட்டகையில் கூடைகளைத் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தாள். "மாமா, தலை..." என்றாள். திரும்பிப் பார்ப்பதற்குள் குழாய் தரையில் பாம்பாக நெளிந்துகொண்டிருந்தது. அவள் கூடைகளுக்கு நடுவே கிடந்தாள்.

"மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு. எங்களால முடிஞ்சதெல்லாம் பண்ணிப் பார்த்துட்டோம். இப்போ மூளை முழுசா வேலை நிறுத்திடுச்சுன்னு நினைக்கிறோம். இனிமே திரும்பாதுங்க."

"அப்ப செத்துட்டா."

"இல்லைங்க."

"அப்ப உயிரோட இருக்கா."

"சட்டப்படி... ஆமாங்க."

"ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா. நான் மீன் பிடிக்கிறவன்."

நிஷிமோரி கைகளைக் கோத்து மேசைமேல் வைத்தாள். ஒரு வழி, இப்படியே விடுவது. சில நாளில் இதயம் தானாக நின்றுவிடும். இன்னொரு வழி, மினெகோ தன் உறுப்புகளைப் பிறருக்குக் கொடுக்க நினைத்திருப்பாள் என்றால், மூளை இறந்துவிட்டதா என்று முறைப்படி பார்ப்பது. இரண்டு தடவை பார்க்க வேண்டும், நடுவில் ஆறு மணி நேரமாவது விட வேண்டும். இரண்டாவது தடவை பார்த்து முடிக்கிற நேரம்தான் இறந்த நேரம். இதற்குக் குடும்பம் சம்மதிக்க வேண்டும்.

"கொடுக்கறதுக்குச் சம்மதம் கேக்கறீங்க, சரி. பார்க்கறதுக்கு எதுக்கு சம்மதம்?"

"பார்த்து, அப்படித்தான்னு தெரிஞ்சா, அவங்க இறந்தவங்களா ஆயிடறாங்க. அதனாலதாங்க."

"வேண்டாம்னா?"

"பார்க்க மாட்டோம். இதயம் நிக்கறவரைக்கும் உயிரோட இருக்கறவங்கதான். வைத்தியத்துல ஒண்ணும் குறைக்க மாட்டோம்."

கின்ஜி அவளையே பார்த்தார். "அதே பொம்பளை, அதே கட்டில். நான் தலையாட்டினா பொணம், ஆட்டலேன்னா ஆளு. அப்ப அவளைக் கொல்றது என் தலையா?"

டாக்டர் உடனே பதில் சொல்லவில்லை. அது ஒன்றுதான் அவளிடம் அவருக்குப் பிடித்தது.

"மினெகோ அம்மா இதைப் பத்தி எப்பவாவது பேசியிருக்காங்களா? காப்பீட்டு அட்டைக்குப் பின்னால விருப்பத்தை எழுதற இடத்துல ஒண்ணும் எழுதலை. வீட்டுல டிவி பார்க்கும்போது, சும்மா பேச்சுவாக்குல..."

அந்த வீட்டில் என்ன பேச்சு? குளிக்கத் தண்ணீர் சுட்டுவிட்டது. சூப்புக்கு மிசோ தீர்ந்துவிட்டது. நாளைக்குக் காற்று வடக்கே. அவ்வளவுதான். ஒரே மேசையில் வருஷக்கணக்காகச் சாப்பிட்டிருக்கிறார்கள். அவளுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்டால்கூட கின்ஜிக்குத் தெரியாது.

"தெரியாது."

"அவசரமில்லைங்க. குடும்பத்துல மத்தவங்களோட கலந்து பேசி..."

"குடும்பமா? அது உள்ள படுத்திருக்கு."

டாக்டர் தலை குனிந்தாள். கின்ஜி தொண்டையைச் செருமினார். பிறகு, அந்தத் துறைமுகத்தில் எல்லாரும் டாக்டர்களிடம் சொல்கிற வார்த்தையை அவரும் சொன்னார். அவர் பெண்டாட்டி சாகக் கிடந்தபோதும் இதைத்தான் சொன்னார். டாக்டர்களை நம்பாதவனும் கடைசியில் இதைச் சொல்லித் தலைவணங்கிவிட்டுத்தான் வெளியே போவான்.

"சரி டாக்டர். உங்ககிட்ட விட்டுட்டேன். நீங்களே பார்த்துச் செய்யுங்க."

"மன்னிக்கணும்." முகமூடிக்கு மேல் அவள் கண்கள் சிவந்திருந்தன. "இது ஒண்ணை மட்டும் நாங்க வாங்கிக்க முடியாதுங்க."

ஆயுள் முழுக்க நம்பாத ஆட்களை அன்றைக்கு நம்பலாம் என்று துணிந்தார். அன்றைக்குப் பார்த்து அவர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

வெளியே வண்டி நிறுத்தத்தில் குமெசோ தன் பழைய லாரியில் காத்துக்கொண்டிருந்தான். கின்ஜியோடு ஒரே படகில் தொழில் கற்றவன். அரைப் பல் போனவன், வாய் மட்டும் போகாதவன். இலையில் சுற்றிய சோற்று உருண்டையை நீட்டினான்.

"தின்னு. எம் பொண்டாட்டி உப்பை அள்ளிப் போட்டிருக்கா. உன்னை முன்னாடி அனுப்பி வைக்கலாம்னு பார்க்கறா போல."

கின்ஜி நின்றபடியே மென்றுகொண்டு விஷயத்தைச் சொன்னார். குமெசோ சிகரெட்டை அணைத்தான்.

"டேய் கின்ஜி, இது நம்ம தொழில்டா."

அது கின்ஜிக்கும் அந்த அறையிலேயே தோன்றியிருந்தது. சங்கரா மீனைத் தொட்டியிலிருந்து எடுத்து, கண்ணுக்கு மேலே இரும்பு முள்ளை இறக்கி, மூளையை ஒரே குத்தில் அழித்து, முதுகெலும்புக்குள் மெல்லிய கம்பியை ஓடவிடுவதில் அந்தக் கரையில் கின்ஜியை மிஞ்ச ஆள் கிடையாது. மீனின் உடம்பு ஒருமுறை வெட்டி நிமிரும், பிறகு அடங்கும். மூளை போய்விடும், சதை மட்டும் ஒன்றும் தெரியாததுபோல உயிரோடு இருக்கும். அப்படிச் செய்தால்தான் சதை கெடாது, ஒசாகா உணவகக்காரன் வாங்குவான். முதலில் மூளை. பிறகுதான் மற்றதெல்லாம். எதற்காக அப்படி என்று அவருக்குச் சொல்லித்தர ஆள் வேண்டாம்.

"நீயா இருந்தா என்ன பண்ணுவ?"

"நானா?" குமெசோ லாரியின் முன்கண்ணாடியைத் துடைத்தான். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "உன் வீட்டு விஷயம்டா. நான் என்னத்தச் சொல்றது."

கின்ஜி ஒசாகாவுக்குப் போன் போட்டார். மினெகோவின் தம்பி மசாயூகி அங்கே கம்பெனியில் இருக்கிறான். அக்காவைப் பார்க்க ஒரு தடவை வந்து, நின்று, அழுது, போய்விட்டான்.

"அக்கா உங்க வீட்டு மனுஷி மாமா. நான் குறுக்க பேசறது நல்லா இருக்காது. நீங்க என்ன முடிவு எடுத்தாலும் சரி. உங்ககிட்ட விட்டுட்டேன்."

போனை வைத்தார். காலையில் அவர் டாக்டர் பக்கம் தள்ளிய அதே வார்த்தை ஊரைச் சுற்றி அவர் மடியிலேயே வந்து விழுந்தது.

பிற்பகலில் ஒனோதெரா என்ற அம்மாள் வெளியூரிலிருந்து வந்தாள். உறுப்பு கொடுப்பது பற்றிச் சொல்வதற்கென்றே அனுப்பப்பட்டவள். சாம்பல் நிறக் கோட்டு, தேய்ந்த செருப்பு. கின்ஜி அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"நீ என்ன, மீன் வாங்க வந்த ஆளா?"

"உங்க இடத்துல இருந்தா எனக்கும் அப்படித்தான் தோணும்." அவள் கோபப்படவில்லை. "வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா அடுத்த ரயில்ல ஏறிப் போயிடுவேன். ஏன்னு கேக்க மாட்டேன். சரின்னு சொல்லிட்டு நடுவுல வேண்டாம்னாலும் சரிதான்."

கின்ஜி சண்டைக்குத் தயாராக இருந்தார். பிடித்து இழுக்க எதிர்ப்பக்கம் கயிறு இல்லை. எவனாவது அதட்டினால் முடியாது என்று கத்தியிருப்பார், கெஞ்சினால் துப்பியிருப்பார். எல்லாரும் தலைவணங்கிக்கொண்டு தள்ளி நின்றார்கள். நடுவில் அவர் மட்டும்.

மினெகோவின் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இயந்திரம் அவளுக்காக மூச்சு வாங்கியது. கை சூடாக இருந்தது. உள்ளங்கையில் சங்கராவின் முதுகுமுள் கிழித்த பழைய தழும்புகள். இந்தக் கையை அவர் இதற்குமுன் தொட்டதில்லை. மருமகள் கையைத் தொட என்ன அவசியம் வந்தது? ஒருமுறை தவிர. கோஹெயின் பேரில் ஒரு பெட்டியைக் கல்லறைக்குள் இறக்கியபோது இரண்டு பேர் விரலும் இடித்துக்கொண்டன.

கோஹெயின் படகை மற்றவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது; ஆள் இல்லை. கடல் முழுக்கத் தேடினார்கள். பிறகு, இறந்ததாகவே பதிந்துவிடலாம், நீங்கள் ஒத்துக்கொண்டால் போதும் என்று அதிகாரிகள் வந்து சொன்னார்கள். கின்ஜி ஒத்துக்கொண்டார். மினெகோ மாட்டேன் என்றாள். வாய் திறக்காத பெண் அன்றைக்கு வாசலில் நின்று கத்தினாள்.

"பார்த்தவங்க யாராவது இருந்தா வரச் சொல்லுங்க! நான் பார்த்தேன், செத்துட்டான்னு ஒரே ஒரு ஆள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். ஒத்துக்கறேன்."

பார்த்தவர்கள் யாரும் இல்லை. கடைசியில் ஊர் வாய்க்குப் பயந்து தலையாட்டினாள். எரித்தபின் எலும்பு வைக்க வேண்டிய பெட்டியில் அவனுடைய ரப்பர் கையுறையை வைத்தார்கள். அப்புறம் பல வருஷம் கழித்து, துணி உலர்த்திக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல, "பார்த்தேன்னு சொல்ல அந்த ஆள் கடைசிவரைக்கும் வரலையே மாமா" என்றாள். வடக்குக் காற்று வருகிறது, துணியை உள்ளே போடு என்றார் கின்ஜி.

அவள் ஏன் தாய்வீடு போகவில்லை என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. சோறு ஆக்க ஆள் இருக்கிறது என்று இருந்துவிட்டார். இப்போது அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கையில்தான் உறைத்தது. வருகிற ஆளுக்குக் கதவு திறக்க வேண்டும் என்றுதான் அவள் இருந்திருக்கிறாள்.

எழுந்து போய் ஒனோதெராவையும் டாக்டரையும் வரவழைத்தார்.

"பாருங்க. ஆனா நானும் கூட நின்னு பார்ப்பேன். திரைக்கு வெளிய நிறுத்தினீங்கன்னா ஒண்ணும் நடக்காது."

"தாராளமா நிக்கலாங்க," என்றாள் நிஷிமோரி. "இன்னைக்கு சாயங்காலமே முதல் தடவை..."

"இன்னைக்கு சாயங்காலம் ஏத்தம்."

"என்னங்க?"

"கடல் ஏறிட்டு இருக்கும். எங்க பக்கத்துல ஏத்தத்துல எவனும் சாகமாட்டான். புள்ளை பொறக்கும், அவ்வளவுதான். வத்தத்துலதான் உயிர் போகும். ஏத்தத்துல பார்த்துட்டு செத்துட்டான்னு சொன்னீங்கன்னா நான் ஒத்துக்க மாட்டேன்."

டாக்டரும் ஒனோதெராவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரித்துவிடுவார்களோ என்று கின்ஜி தாடையை இறுக்கினார்.

"எப்ப வத்தம் தொடங்கும்?" என்று நிஷிமோரி கேட்டாள்.

"நாளைக்குக் காலையில, வெயில் ஏறினப்புறம். தண்ணி முழுசா இறங்க ஆறு மணி நேரம் புடிக்கும்."

டாக்டர் கொஞ்சம் யோசித்தாள். "எங்களுக்கும் ஆறு மணி நேரம் வேணும்," என்றாள். பிறகு போன் பேசப் போனாள்.

எதையெல்லாம் கொடுக்கலாம் என்று ஒனோதெரா மெதுவாகக் கேட்டாள். கின்ஜி சுவரைப் பார்த்துக்கொண்டு, "எடுத்துக்குங்க. கண்ணை மட்டும் விட்டுடுங்க," என்றார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "போற இடத்துல புருஷனைத் தேடணும்ல."

மறுநாள் காலை கட்டிலின் கால்மாட்டில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அவர் உட்காரவில்லை. நிஷிமோரி ஒதுங்கி நிற்க, வேறு இரண்டு டாக்டர்கள் பார்த்தார்கள். இமையைத் திறந்து விளக்கடித்தார்கள், கண்மணி சுருங்கவில்லை. காதுக்குள் பனித்தண்ணீர் விட்டார்கள். புருவத்துக்கு மேலே அழுத்தினார்கள், முகத்தில் ஊசியால் குத்தினார்கள். ஊசி தொட்டபோது கின்ஜியின் வலது கை தானாக மூடித் திறந்தது. குத்துகிற கை அது. குத்தியதும் எங்கே பார்க்க வேண்டும் என்று அதற்குத் தெரியும்: மீன் வாய் பிளக்கிறதா, செவுள் விரிகிறதா. மினெகோவின் முகத்தில் ஒன்றும் விரியவில்லை.

கடைசியாக மூச்சு இயந்திரத்தைக் கழற்றினார்கள்.

அறை அமைதியானது. அத்தனை நாளாக அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்ததால், காது அடைத்துவிட்டது போலிருந்தது அவருக்கு. அவள் மார்பையே பார்த்தார். மூச்சு விடு, என்று மனசுக்குள் அதட்டினார். இவனுங்க எல்லார் முன்னாலயும் ஒரே ஒரு மூச்சு விட்டுக் காட்டு, இவனுங்க முகத்துல கரியைப் பூசு. மார்பு அசையவில்லை. கண்ணை எடுக்காமல் பார்த்தார். பார்க்க வேண்டியவர் அவர்தானே.

இயந்திரத்தைத் திரும்ப மாட்டினார்கள். மார்பு மறுபடி ஏறி இறங்கியது.

"முதல் தடவை முடிஞ்சதுங்க," என்றாள் நிஷிமோரி.

"இப்ப இவ என்ன?"

"இன்னும்... உயிரோட இருக்கறவங்கதான். சாயங்காலம்வரைக்கும்."

அந்தச் சாயங்காலம்வரை அவருக்குப் போக இடமில்லை. கீழே சாப்பாட்டுக் கூடத்தில் உடோன் நூடுல்ஸ் வாங்கி, அது ஊறிப் பெருத்துப்போகிறவரை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே வந்தார். அந்த ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து வண்டி நிறுத்தம்தான் தெரியும், கடல் தெரியாது. ஒரு நர்ஸ் மினெகோவைப் பக்கவாட்டில் திருப்ப வந்தாள்.

"மினெகோம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கலாமா?"

"ஏம்மா, காலையில பார்த்தாங்களே. அப்புறமும் எதுக்கு அவகிட்ட கேக்கற?"

"இன்னும் இல்லையே தாத்தா."

"சாயங்காலத்துக்கு அப்புறம்?"

அவள் தலையணையைத் தட்டிச் சரிசெய்தாள். "அப்பவும் கேப்பேன். கேட்டே பழக்கமாயிடுச்சு."

ஒனோதெரா கதவருகே வந்து நின்றாள். இன்னும்கூட வேண்டாம் என்று சொல்லலாம் என்றாள்.

"அதையே சொல்லிச் சொல்லி என்னைச் சாகடிக்கறம்மா நீ," என்றார் கின்ஜி. அவள் தலைவணங்கிவிட்டுப் போனாள். போன பிறகு, அவளாவது கொஞ்சம் நின்றிருக்கலாம் என்று இருந்தது அவருக்கு.

நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை. எழுந்து போய் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால், இந்தக் கை இன்னும் சில நாளைக்கு இப்படியே சூடாக இருக்கும். இதயம் தானாக நிற்கும்போது நிற்கட்டும். யாரும் அவரைக் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் அது நிற்கிற நேரத்தில் அவர் ஒன்றுக்குப் போயிருப்பார், இல்லை நாற்காலியில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். இவளும் யாரும் பார்க்காமல் போய்விடுவாள். அந்த வீட்டிலிருந்து இரண்டாவது ஆள்.

"மினெகோ," என்றார். அவளைப் பேர் சொல்லி அழைத்து எவ்வளவு காலமாயிற்று. "தண்ணி இறங்குது."

இயந்திரம் மூச்சு விட்டது.

சாயங்காலம் மறுபடி விளக்கு, பனித்தண்ணீர், ஊசி. மறுபடி அந்த அமைதி. இந்தத் தடவை அவர் அவளை அதட்டவில்லை. முடிந்ததும் அந்த இரண்டு டாக்டர்களில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொல்லிக் குனிந்து வணங்கினார். அறையில் இருந்த எல்லாரும் வணங்கினார்கள். நர்ஸ் குச்சியில் சுற்றிய பஞ்சைத் தண்ணீரில் நனைத்துக் கின்ஜியிடம் கொடுத்தாள். செத்தவர்களுக்கு உதடு நனைக்க வேண்டும். குழாயின் ஓரமாக, வெடித்திருந்த உதட்டில் அவர் பஞ்சை ஒற்றினார். எடுக்க வேண்டியதை எடுக்கிறவரை இயந்திரம் ஓட வேண்டும் என்பதால் மார்பு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அவர் எத்தனையோ பேருக்கு உதடு நனைத்திருக்கிறார். கை சுடுகிற ஆளுக்கு நனைத்ததில்லை.

நடையில் நின்று ஒசாகாவுக்குப் போன் போட்டார்.

"மாமா..." என்றான் மசாயூகி. "எப்போ?"

"இப்பத்தான். தண்ணி இறங்கும்போது."

"நல்ல நேரம்தான். நீங்க கூட இருந்தீங்களா?"

"இருந்தேன்." கின்ஜி போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். பிறகு, ஒவ்வொரு வார்த்தையாக, கல்லை அடுக்குவதுபோலச் சொன்னார். "நான் பார்த்தேன். செத்துட்டா."

அந்தப் பக்கம் மசாயூகி அழுதான். ரொம்பச் சிரமம் கொடுத்துவிட்டோம் என்று இரண்டு தடவை சொன்னான், வைத்துவிட்டான். அந்த வாக்கியத்தைக் கேட்பதற்காகவே ஒருத்தி ஒரு வீட்டில் காத்துக்கிடந்தாள். அது கடைசியில் வேறு எவன் காதிலோ போய் விழுந்தது.

மறுநாள் மினெகோ வீட்டுக்கு வந்துவிடுவாள். அவளைக் கிடத்தப் படுக்கை விரித்து வைக்க வேண்டும். குமெசோ லாரியில் கூட்டிப் போனான். வழியில் கடலோரம் சேறு நீளமாகத் தெரிந்தது. நண்டு பொறுக்கிக்கொண்டிருந்த யாரோ ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"பார்த்தியாடா?" என்றான் குமெசோ.

"பார்த்தேன்."

"மீன் மாதிரியா?"

"இல்ல." கொஞ்ச தூரம் போனபின் கின்ஜி சொன்னார்: "மீனை நான் யாரையும் கேட்டுட்டுக் குத்தினதில்ல."

துறைமுக வளைவு வந்ததும் குமெசோ சொன்னான்.

"கவலைப்படாத. நீ செத்தா நான் வந்து நின்னு பார்க்கறேன்."

"நீதான் முந்திப்ப. உன் பொண்டாட்டி போடற உப்பு அப்படி."

"அப்ப நீ வந்து பாரு."

"நான் வந்து பார்த்துடுவேன். அப்புறம் என்னை?"

குமெசோ கியரை மாற்றினான். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே விளக்கு எரிகிறவரை வண்டியை அணைக்காமல் நின்றான்.